நைனாவின் சட்டைப் பையில் கறுத்த தண்ணீர்

அன்புள்ள மகனே,

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதே. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் எடுத்த ஓரிரு முயற்சிகள் தலைமையாசிரியர் அறை வரைக்கும் போய் முடிந்தன. எனக்கு இப்போது பதினெட்டு நடக்கிறது. திங்கட்கிழமை கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறேன். பிள்ளைக்குக் கடிதம் எழுத அப்பாவுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். தலை நரைத்தால் ஞாபகமும் சேர்ந்து நரைக்கும், நடந்ததைவிட அழகாக எழுதத் தோன்றும். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். உனக்கு மீசை முளைத்து, எங்கேயோ பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிற நாளில் பிரித்துப் படி.

உன் தாத்தாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற ரோட்டில் ஒரு வளைவில் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். அங்கே நைனாவுக்குத் தினமும் தண்ணி அடிக்கிற வேலை. முகத்தைச் சுளிக்காதே, மோட்டாரில்தான். ஏரிக்குள் கரையோரமாக ஒரு குடிதண்ணீர்க் கிணறு இருக்கிறது. அதிலிருந்து மேலே டேங்குக்கு ஏற்றி, தெருக் குழாய்களுக்குத் திறந்துவிடுகிற பஞ்சாயத்து ஆபரேட்டர் அவர். வால்வு திருகுகிற இரும்புச் சாவி எந்நேரமும் அவர் சைக்கிளில் தொங்கும். தினமும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து டேங்கில் ஊற்றுவதும் அவர் பொறுப்பு. ஊற்றுவார், ஆடி மாதம் தவிர.

ஆடியில் எங்கள் கெங்கையம்மனுக்குக் கூழ் வார்ப்போம். கேழ்வரகு மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் களியாகக் கிண்டி, பெரிய பெரிய அண்டாக்களில் தண்ணீரும் மோரும் விட்டுக் கரைத்து, வெங்காயம் போட்டு, ஊரே வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும். மருந்துத் தண்ணீரில் கரைத்தால் மாவு சரியாகப் புளிக்காது, கூழில் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும். ஒரு வருஷம் அப்படி வாசம் அடித்து, "அம்மனுக்கே ஊசி போட வந்துட்டியா ஏழுமல?" என்று நைனாவை ஊர் நடுவில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆடி பிறந்தால் பிளீச்சிங் மூட்டையைக் கட்டி மேலே போட்டுவிடுவார். யாருக்கும் இதனால் ஒன்றும் ஆனதில்லை. ஆகாததற்கு என்ன காரணம் என்று யாரும் யோசித்ததும் இல்லை.

அதை யோசித்தவர் தாரணி அக்கா. சென்னையிலிருந்து எங்கள் ஏரிக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். தண்ணீரின் பி.எச். பார்க்கப் பார்க்க ஒரு நாள் பி.எச்.டி. கொடுத்துவிடுவார்களாம். பி.எச். அவருடையது, டி எங்கள் அம்மா போட்டுக் கொடுத்தது. மழைமானி, கிணற்றில் இறக்குகிற நாடா, குட்டிக் குட்டிக் கண்ணாடி பாட்டில்கள் எல்லாம் வைத்திருப்பார். நான்தான் அவருக்கு எடுபிடி. எடுபிடியாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் இருந்ததில்லை.

"அக்கா, ஏரியே காஞ்சி கெடக்குது. எதத்தான் ஆராய்ச்சி பண்றீங்க? காத்தயா?"

"காஞ்சி கெடக்கிற கால்வாயைத்தான் தம்பி. வா, காட்டறேன்."

ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் ஊரை ஒட்டி வந்து, குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் ஏரிக்குள் இறங்குகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் ஆடு கட்டுவார்கள், குப்பை கொட்டுவார்கள். விடியற்காலையில் சொம்போடு போகிறவர்களும் உண்டு. ஐப்பசி மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போகும். அப்போது நைனா தினமும் மருந்து ஊற்றுவார். அதனால் பிரச்சினை இல்லை.

"அந்த மழை ஆடியிலயே வந்துட்டா?" என்று அக்கா கேட்டார். "இப்பல்லாம் காலம் மாறி, ஒரே சாயந்தரத்துல கொட்டித் தீர்க்குது. மொத வெள்ளம் கால்வாயைக் கழுவி எடுத்துக்கிட்டு நேரா கிணத்துப் பக்கம் வரும். டேங்க்ல மருந்தும் இருக்காது. அப்ப என்ன ஆகும்? அதுதான் என் ஆராய்ச்சி."

நான் சிரித்தேன். ஆடிக்கு ஊர்ப் பக்கம் காற்றுதான் வரும், அதுவும் என் பேச்சைப் போல வெறும் சத்தத்தோடு என்றேன். அக்கா சிரிக்கவில்லை. சென்னைக்குக் கிளம்பும்போது என் கையில் நான்கைந்து பாட்டில்களைக் கொடுத்தார். உள்ளே ஒரு மருந்துக் காகிதம். மழை பெய்தால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் நல்லது. கறுத்துவிட்டால் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மகனே, மழை கொட்டியது. கார்த்திகையில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. மாலையில் இருட்டிக்கொண்டு வந்து, ஆடு ஓட்டி வருவதற்குள் கால்வாய் நிறைந்துவிட்டது. கட்டியிருந்த ஆடுகளை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவிழ்த்தார்கள். நான் கரைமேல் ஓடிப்போய்ப் பார்த்தேன். கலங்கிய தண்ணீர், செருப்பு, பால் பாக்கெட், ஆட்டுப் புழுக்கை எல்லாம் மிதக்க, கிணற்றுச் சுவரின் உடைந்த மூலை வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையைக் கட்டச் சொல்லி நைனா பஞ்சாயத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

சனிக்கிழமை விடியற்காலையில் டேங்க் நிறைந்து, தெருவுக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். நான் ஒரு பாட்டிலில் பிடித்து, அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு என்றால் சும்மா கறுப்பு இல்லை. தார் ரோடு.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு நாள் முழுக்க ஆவதற்குள் கறுத்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டார். குரல் மாறிவிட்டது. "தம்பி, யாரும் அந்தத் தண்ணியைப் பச்சையா குடிக்கக் கூடாது. ஊர்ல சொல்லு. நான் காலைல கிளம்பினாலும் வந்து சேர மத்தியானம் ஆயிடும்." மத்தியானத்துக்குள் கூழ் ஊற்றி முடித்துவிடுவார்கள். களி வெந்ததாக இருக்கலாம். அதைக் கரைக்கிற தண்ணீர் பச்சைத் தண்ணீர்.

இப்போது உனக்கு இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. அதற்கு முந்தின தீபாவளிக்கு நான் கோயில் மைக்கைப் பிடித்து, நைனாவின் குரலிலேயே, "நாளையிலிருந்து தண்ணீர் வராது, எல்லாரும் பிடித்து வைத்துக்கொள்ளவும்" என்று அறிவித்தேன். ஊரே குடம், அண்டா, உரல் குழி வரைக்கும் பிடித்து வைத்தது. டேங்க் வற்றி, நிஜமாகவே மறுநாள் தண்ணீர் வரவில்லை. பொய்யை உண்மையாக்கிய ஒரே ஆள் நான்தான் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கியது நைனா.

அந்தப் பெருமையோடுதான் கறுத்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். மாவு கரைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா அத்தை, கூழ் வேலைக்கெல்லாம் தலைவி, கையைக்கூட எடுக்காமல் பார்த்தார்.

"இன்னாடா அது? பேனா மையா?"

"அத்த, இது நம்ம கொழா தண்ணி. கறுத்துகீது பாரு. நாளிக்கி இதுல கூழ் கரைக்கக் கூடாது."

"போன தபா தண்ணி வராதுன்ன. இந்த தபா வந்த தண்ணி ஆவாதுன்றியா? அடுத்த தபா இன்னா, கெங்கம்மாவே வூட்ட காலி பண்ணிக்கினு போய்ட்டான்னு சொல்வியா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மகனே, நான் ஊரைச் சிரிக்க வைத்துப் பழகியவன். அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பை நிறுத்த வழி தெரியாமல் நின்றேன். "மெய்யாலுமே சொல்றன் அத்த" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் எப்போதும் பொய்யை அப்படித்தான் ஆரம்பிப்பேனாம்.

கோயில் தர்மகர்த்தா அங்கேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. "ஏழுமலையோட புள்ள தானே நீ? உங்கப்பன் தண்ணிய நீயே கொற சொல்றியே, இன்னா சமாச்சாரம்?" என்றார். அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் கெட்டது என்றால் கெடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். மருந்து போடாதது யார் என்று கேட்பார்கள். போடாதே என்று சொன்னது யார் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் காதில் விழுந்தது. அத்தையின் பேத்தி மத்தியானத்திலிருந்து வாந்தி எடுக்கிறாளாம். நாவல்பழம் தின்றதால் என்றார்கள். கீழத்தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அவர்களும் நாவல்பழம்தான் தின்றார்களாம். அன்று எங்கள் ஊரில் நாவல்பழத்துக்குக் கிடைத்த கெட்ட பெயர் எனக்குக்கூட எப்போதும் கிடைத்ததில்லை.

வீட்டில் நைனா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"எதுக்குடா ஊரு முன்னாடி போய் நின்ன? மொதல்ல எங்கிட்ட சொல்லத் தெரியல?"

"சொன்னா நம்புவியா நைனா?"

அவர் பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு மெதுவாக, "இதுல நீ எதுவும் கலக்கலியே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"இல்ல நைனா. இப்பவே மருந்து கரைச்சி ஊத்திடு. யாருக்கும் தெரியாது."

"தெரியாதா? வாசம் அடிக்காதா? அத்தினி கூழையும் கீழ ஊத்திட்டு எங்கிட்ட வருவாங்கோ. வெறும் உன் பேச்ச கேட்டுக்கினு அம்மன் காரியத்துல கை வெச்சேன்னு வெய்யி, இந்த வேல போச்சி. வேல போனாக்கூட பரவால்ல. ஊருல எப்படிடா தல நிமிந்து நடக்கிறது?"

அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு நைனா என்னிடம் இன்னொரு பாட்டில் கேட்டார். நான் கொடுக்கக் கொடுக்கவே, "நீ அங்கயே நில்லு" என்றார். தானே தெருக் குழாய்க்குப் போனார், தானே பிடித்தார், தானே மூடினார். அதைத் தன் சட்டைப் பையில் போட்டு, பொத்தான் இல்லாத அந்தப் பையின் வாயை என்னுடைய பள்ளிக்கூட பேட்ஜின் ஊக்கால் குத்தி மூடிக்கொண்டார்.

"வெதுவெதுன்னு இருக்கணும்னு சொன்னா இல்ல அந்தப் பொண்ணு? என் ஒடம்பு சூடு போதும். இது என் ஜோபிலயே கெடக்கட்டும். நீ கிட்ட வராத."

ஒரு அப்பா தன் பிள்ளையிடமிருந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் காவல் காப்பதை நீ பார்த்திருக்க மாட்டாய். இரவு சாப்பிடும்போது இடது கை பையின் மேலேயே இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அது கறுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடனே கறுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கறுத்தால் நைனாவுக்குக் கேடு, கறுக்காவிட்டால் நான் பொய்யன். ஊருக்கு எது நல்லது என்று யோசிக்க எனக்கு நேரம் பிடித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காலையில் பம்பை, உடுக்கை சத்தத்தோடு விடிந்தது. நைனா குளித்து, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டைக்கு மாறினார். பாட்டிலை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றும்போது உள்ளங்கையால் மூடிக்கொண்டே மாற்றினார். எனக்குக் காட்டவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவரே பார்க்கவில்லை.

கோயில் வாசலில் களி கிண்டி முடித்திருந்தார்கள். அண்டாக்கள் வரிசையாக நின்றன. நைனா ஹோஸ் பைப்பைக் குழாயில் மாட்டி, வால்வைத் திறந்து, முதல் அண்டாவில் விட்டார். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஏறியது. கன்னியம்மா அத்தை களி உருண்டைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பேத்தியை விடியற்காலையில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். கூழ் வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அத்தை மட்டும் இங்கேயே நின்றுவிட்டார். கண் வீங்கியிருந்தது.

நான் எதிரில் நின்றேன். ஹோஸிலிருந்து தெறித்த தண்ணீர் நைனாவின் சட்டையை நனைத்தது. நனைந்த வெள்ளைத் துணி பாட்டிலோடு ஒட்டிக்கொண்டது. துணி வழியாகத் தெரிந்தது, நெஞ்சுக்கு மேல், விரல் நீளத்துக்கு, கறுப்பாக.

நான் வாயைத் திறக்கவில்லை. மகனே, என் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

முதல் அண்டா பாதி நிறைந்திருந்தது. சுற்றிலும் ஊர். பூசாரி கற்பூரத்தட்டோடு தயாராக இருந்தார். நைனா அப்படியே நின்றார். அண்டா முக்கால் ஆனது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டில் பைக்குள்ளேயே இருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பிறகு குனிந்து சாவியை எடுத்தார். வால்வை மூடினார்.

பம்பைச் சத்தம் தானாக நின்றது.

"இன்னா ஏழுமல, கரண்டு போச்சா?" என்றார் தர்மகர்த்தா.

நைனா ஊக்கைக் கழற்றி பாட்டிலை வெளியே எடுத்தார். "இந்தத் தண்ணி ஆவாது" என்றார்.

"உம் புள்ள வேலயா?"

"என் புள்ள தொடல. நேத்து சாயந்தரம் நானே புடிச்சேன். ராத்திரி பூரா என் ஜோபிலதான் கெடந்துச்சி. அவன நம்ப வேணா, என்ன நம்பு. மழத்தண்ணி கால்வாயோட கெணத்துல எறங்கிடிச்சி. நான் மருந்து போடல. ஆடின்னு போடல. தப்பு என்து."

"அம்மன் காரியத்த நடுவுல நிறுத்துறியே, இன்னா தைரியம்டா உனக்கு! தலைவர்ட்ட சொல்லி இந்த மாசத்தோட அந்த சாவிய வாங்கல..."

"வாங்கிக்கோ" என்று நைனா சாவியைக் கீழே போட்டார். இரும்பு சிமென்ட் தரையில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

"கேன் தண்ணி வாங்கியாந்துடலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு பையன்.

"கெங்கம்மாவுக்கே கேன் தண்ணியாடா?" என்று யாரோ. ஒருவரும் சிரிக்கவில்லை.

கன்னியம்மா அத்தை முன்னால் வந்தார். பாட்டிலை நைனா கையிலிருந்து வாங்கவில்லை, தொடவும் இல்லை. குனிந்து உற்றுப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதத்தான் என் பேத்தி குட்ச்சாளா?"

நான் தலையை ஆட்டினேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த அண்டாவின் விளிம்பைப் பிடித்து ஒரே தள்ளாகச் சாய்த்தார். தண்ணீர் வாசல் முழுக்க ஓடி, தர்மகர்த்தாவின் செருப்பை நனைத்தது.

"இப்ப இன்னா பண்ணணும், சொல்லு ஏழுமல."

"கொதிக்க வெச்சி ஆறவுடணும்க்கா. ஆற பொழுதாயிடும்."

"ஆவட்டும். அம்மனுக்கு இன்னா, பஸ்ஸு தவறிடுமா? வெறகு கொண்டாங்கடி. டேய், மைக்கு வேலக்காரா, போய் மைக்குல சொல்லு. ஒருத்தரும் கொழா தண்ணிய பச்சயா குடிக்கக் கூடாதுன்னு. உன் கொரல்லயே சொல்லு, உங்கப்பன் கொரல்ல வேணா."

சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. அதையும் சில பேர் நடிப்பு என்றார்களாம்.

தாரணி அக்கா மத்தியானம் வந்து இறங்கியபோது அண்டாக்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கூழ் ஊற்ற மாலை ஆகிவிட்டது. அத்தையின் பேத்தி இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி வீடு வந்து சேர்ந்தாள். இப்போது என்னைப் பார்த்தால் நாக்கை நீட்டுகிறாள், அதனால் குணமாகிவிட்டாள் என்று நினைக்கிறேன். கூழ் தாமதமானதால்தான் அடுத்த வாரம் யாருடைய மாடோ செத்தது என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. தர்மகர்த்தா இன்னும் நைனாவோடு பேசுவதில்லை. சாவி போகவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை என்பதுதான் காரணம், நன்றியெல்லாம் இல்லை.

அக்கா ஊர்க் கூட்டத்தில் ஒரு வழி சொன்னார். ஆடியிலும் தினமும் மருந்து போடுங்கள். கூழுக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் முதல் நாளே பிடித்துக் கொதிக்க வைத்து, ஈ மொய்க்காமல் மெல்லிய துணி கட்டி வையுங்கள், வாசம் போய்விடும். நல்ல வழிதான். ஊர் தலையாட்டியது. தலையாட்டியதை அடுத்த ஆடி வரைக்கும் ஞாபகம் வைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கிணற்றின் உடைந்த மூலையும் இன்னும் கட்டவில்லை. அடுத்த ஆடியில் நான் இங்கே இருக்க மாட்டேன். இந்த ஒரு பயத்தை மட்டும் பெட்டியில் வைக்க முடியவில்லை.

புத்திமதி இல்லாமல் அப்பா கடிதம் ஏது? ஒன்று சொல்கிறேன். ஆடியில் மருந்து போடாதவர்கள் முட்டாள்கள் இல்லை. காய்ந்த ஆடிக்காக அவர்கள் வைத்த வழக்கம் அது. வானம் சொல்லாமல் மாறிக்கொண்டது, வழக்கத்துக்கு யாரும் தகவல் கொடுக்கவில்லை. உன் காலத்தில் நானும் அப்படி ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். அது என்னவென்று இப்போது தெரிந்தால் விட்டுவிட மாட்டேனா?

நேற்று பெட்டி கட்டும்போது நைனா வந்து நின்றார். வழக்கமாகச் சொல்கிற ஒழுங்காப் படி, சண்டை போடாதே எல்லாம் சொன்னார். போகிறவர் திரும்பி, "அந்தப் பாட்டிலு மிச்சம் கீதா?" என்றார். இருந்தது. கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டு, பழைய ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டார். மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது. பாட்டில் காலிதான். ஆனாலும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

ஒரு நாள் நீயும் எதையாவது கறுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாய். நீ என் பிள்ளை, அதனால் அதற்கு முன் ஊரையே ஏமாற்றி வைத்திருப்பாய். நானும் நம்ப மாட்டேன். அப்போது என்னோடு வாதாடாதே, அழாதே, மெய்யாலுமே என்றும் சொல்லாதே. இன்னொரு பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில். நானே பிடிக்கிறேன். என் நெஞ்சுச் சூட்டிலேயே கிடக்கட்டும். விடிந்ததும் குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வராவிட்டால், என் எதிரில் வந்து வாயைத் திறக்காமல் நில். உன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
இன்னும் அப்பா ஆகாத உன் அப்பா